சென்னை வீட்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் எந்தக் கண்ணாடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வீடு கட்டுவோரும், பழைய ஜன்னல்களை மாற்ற நினைப்போரும், அடுக்குமாடிக் குடியிருப்பில் வெயிலாலும் இரைச்சலாலும் அவதிப்படுவோரும் கண்ணாடியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எல்லாப் பதில்களும் சென்னையின் வெயிலையும் ஈரப்பதத்தையும் உப்புக்காற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குளிர்நாட்டு விளம்பரங்களில் வரும் அறிவுரை பல இடங்களில் இவற்றோடு ஒத்துப்போகாது.

கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு ஜன்னலும் எந்தத் திசையைப் பார்க்கிறது, அதன்மேல் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நேரடி வெயில் விழுகிறது, சன்ஷேடு எவ்வளவு நீண்டிருக்கிறது, எதிரே மரமோ கட்டடமோ இருக்கிறதா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தியாகராய நகர் போன்ற நெருக்கமான பகுதியில், ஐந்தடி இடைவெளியில் பக்கத்துக் கட்டடம் நான்கு மாடி உயர்ந்து நிற்கும் இடத்தில், பக்கவாட்டு ஜன்னலின்மேல் வெயிலே படாது. அங்கே வெப்பத்தைத் தடுக்கும் விலை உயர்ந்த கண்ணாடியைப் போடுவது வீண்செலவு. அந்த அறைக்கு வேண்டியது வெளிச்சம்தான். அதே வீட்டின் மேற்குப் பக்கத்து மாடி அறைக்கோ மாலை நான்கு மணி வெயில் தரை வரை நீளும். இரண்டுக்கும் ஒரே கண்ணாடி என்று மொத்தமாக விலை பேசி முடிப்பதே பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. ஜன்னல் வாரியாகத் தேர்ந்தெடுத்தால் செலவும் குறையும், பயனும் கூடும்.

எந்தத் திசை ஜன்னல் அதிகத் தொல்லை தருகிறது?

மேற்கு. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மே மாதத்தின் நடுவில், கத்திரி வெயில் காயும் நாட்களில், மாலை நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில், மேற்கிலிருந்து சற்றே வடக்கு விலகி நிற்கும். அந்த நேரத்தில் இரண்டு அடி நீளமுள்ள சன்ஷேடு மேற்கு ஜன்னலின் மேல்பகுதியில் ஒன்றரை அடிக்குள்தான் நிழல் தரும். ஐந்து மணிக்கு அது முக்கால் அடியாகச் சுருங்கிவிடும். நாலடி உயர ஜன்னலின் மீதிப் பகுதி முழுவதும் வெயிலை நேராக வாங்கிக்கொள்ளும். சுவரெல்லாம் சூடேறி நிற்கும் வேளையில் இதுவும் சேர்வதால்தான் மேற்கு அறை இரவு பத்து மணிக்கும் அனலாக இருக்கிறது. மேற்கு ஜன்னலை முடிந்தவரை சிறிதாக வைத்து, வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியை அதற்கென்றே ஒதுக்கி, வெளியே செங்குத்தான தட்டியோ மரமோ வைப்பது நல்லது.

தெற்கைப் பற்றிய அச்சம் தேவையற்றது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்திருப்பதால், கடுங்கோடையில் தெற்கு ஜன்னலில் நேரடி வெயில் விழுவதே இல்லை. டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கும்போதும் நண்பகலில் 53 பாகைக்கு மேல் உயர்ந்திருப்பதால், இரண்டடி சன்ஷேடு இரண்டரை அடிக்கு மேல் நிழல் தந்துவிடும். தெற்கிலும் வடக்கிலும் நல்ல சன்ஷேடு இருந்தால் சாதாரண நிறமற்ற கண்ணாடியே போதும்.

கிழக்குக்கு வேறு கணக்கு. காலை வெயில் மேற்கு வெயிலைப் போலவே தாழ்வாக வந்து தாக்கும். ஆனால் அப்போது கட்டடமும் காற்றும் இன்னும் சூடேறியிருக்காது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று வருவதும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை சாய்ந்து அடிப்பதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான். ஆகவே கிழக்கு ஜன்னல் நன்றாகத் திறக்கவும் வேண்டும், மூடினால் நீர் புகாமல் இறுகவும் வேண்டும். இங்கே கண்ணாடியின் வகையைவிடச் சட்டத்தின் தரத்துக்கே பணத்தைச் செலவிடச் சொல்வேன்.

விவரக் கையேட்டில் இருக்கும் எண்களில் எவற்றைப் பார்ப்பது?

மூன்று எண்கள் போதும். முதலாவது, எஸ்.எச்.ஜி.சி. என்று குறிக்கப்படும் சூரிய வெப்ப எண். கண்ணாடியின்மேல் விழும் சூரிய வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பதை அது 0 முதல் 1 வரையிலான அளவில் சொல்லும். 6 மி.மீ. நிறமற்ற கண்ணாடிக்கு இது சுமார் 0.82, அதாவது நூற்றில் எண்பது பங்குக்கு மேல் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டாவது, யு-மதிப்பு. வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் கண்ணாடி வழியே கடந்துவரும் வெப்பத்தை அது காட்டும். மூன்றாவது, வி.எல்.டி. எனப்படும் ஒளி ஊடுருவும் விழுக்காடு. சென்னையில் முதல் எண் குறைவாகவும் மூன்றாம் எண் ஓரளவு அதிகமாகவும் இருக்கும் கண்ணாடியே நல்ல கண்ணாடி. யு-மதிப்புக்கு இங்கே மூன்றாம் இடம்தான். இந்த மூன்று எண்களையும் எழுத்தில் தர மறுக்கும் விற்பனையாளரிடம், ‘வெப்பத்தைத் தடுக்கும்’ என்ற வாய்மொழியை நம்பி வாங்க வேண்டாம்.

இரட்டைக் கண்ணாடி, அதாவது டபுள் கிளேஸ், போட்டால் வீடு குளிர்ச்சியாகிவிடுமா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் மிக அதிகமான பணம் இங்கேதான் தவறான இடத்துக்குப் போகிறது.

நாலடிக்கு ஐந்தடி, அதாவது 20 சதுர அடி அளவுள்ள ஒரு மேற்கு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 1.86 சதுர மீட்டர். மேகமில்லாத கோடை மாலையில் அந்தச் சுவரின்மேல் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் வெயில் விழுவதாகக் கொள்வோம். நிறமற்ற ஒற்றைக் கண்ணாடி இருந்தால் சூரிய வெப்பமாக மட்டும் சுமார் 900 வாட் உள்ளே வரும். ஏசி ஓடும் அறைக்கும் வெளிக்கும் 10 டிகிரி வேறுபாடு இருந்தால், கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பம் இன்னும் 100 வாட் சேரும். மொத்தம் 1,000 வாட். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் சுமார் 3,500 வாட் என்பதால், அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரே ஜன்னலுக்குப் போய்விடுகிறது.

இதற்குப் பதிலாக, இரண்டு நிறமற்ற 6 மி.மீ. கண்ணாடிகளுக்கு நடுவே 12 மி.மீ. காற்றிடைவெளி விட்ட சாதாரண இரட்டைக் கண்ணாடியைப் போட்டால் என்ன ஆகும்? யு-மதிப்பு 5.7-லிருந்து 2.8 அளவுக்குப் பாதியாகிறது. அதனால் கடத்தப்படும் வெப்பம் 100 வாட்டிலிருந்து 50 வாட்டாகக் குறைகிறது. ஆனால் சூரிய வெப்ப எண் 0.82-லிருந்து 0.70 அளவுக்கே இறங்குவதால், வெயிலாக நுழைவது இன்னும் 780 வாட் இருக்கும். ‘பாதி வெப்பம் குறையும்’ என்று சொல்லி விற்கப்படுவது அந்த 100 வாட்டின் பாதியை மட்டுமே. மாறாக, சூரிய வெப்ப எண் 0.40 உள்ள பூச்சுக் கண்ணாடியை ஒற்றையாகவே போட்டாலும் வெயில் 450 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டால், இருக்கும் கண்ணாடியை மாற்றாமலேயே அதைவிட அதிகமாகக் குறைக்கலாம்.

குளிர்நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் சூட்டைக் காப்பாற்ற வேண்டும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே, உள்ளே இருபது டிகிரி என்ற வேறுபாடு மாதக்கணக்கில் நீடிக்கும். அங்கே இரட்டைக் கண்ணாடி தேவையான பொருள். நமக்கோ வேறுபாடு பெரும்பாலான நேரம் பத்து டிகிரிக்குள்தான். இரவில் ஏசி போட்டுத் தூங்கும் அறையில் ஐந்தாறு டிகிரிதான்.

அப்படியானால் சென்னையில் இரட்டைக் கண்ணாடி எப்போதுமே வேண்டாமா?

சில இடங்களில் வேண்டும். பகல் முழுவதும் ஏசி ஓடும் அறை, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியாகவே உள்ள கூடம், கடுமையான இரைச்சல் ஆகிய நிலைமைகளில் அது பயன்தரும். ஆனால் அப்போதும் நிறமற்ற இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்த இரட்டையை வாங்காதீர்கள். சூரிய வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு, அதாவது வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் மிக மெல்லிய பூச்சு, உள்ளதைக் கேளுங்கள். அதில் சூரிய வெப்ப எண் 0.30-க்கும், யு-மதிப்பு 2-க்கும் கீழே கிடைக்கும். பூச்சு வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில், அதாவது வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாம் பரப்பில், இருக்க வேண்டும். அப்போதுதான் வெப்பம் இடைவெளியைத் தாண்டுவதற்கு முன்பே தடுக்கப்படும். மென்மையான லோ-ஈ பூச்சு காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அதை ஒற்றைக் கண்ணாடியாகப் போட முடியாது. ஒற்றையாகப் போடத்தக்க கடினப் பூச்சு வகை தனியே உண்டு. கடையில் ‘லோ-ஈ’ என்று மட்டும் சொன்னால், எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள்.

கறுப்பு அல்லது சாம்பல் நிறக் கண்ணாடி வெயிலைத் தடுக்காதா?

கண்ணுக்குக் கூசாமல் இருப்பதால் தடுப்பதாகத் தோன்றும். 6 மி.மீ. சாம்பல் நிறக் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே உள்ளே விடும். ஆனால் சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை விட்டுவிடும். அதே கனமுள்ள பச்சைக் கண்ணாடியும் ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தைத்தான் விடுகிறது, ஆனால் வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தருகிறது. நிறக் கண்ணாடிதான் வேண்டும் என்றால் பச்சையைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பைப் போட்டுவிட்டுப் பகலில் விளக்கெரிக்க வேண்டியதில்லை. நிறக் கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே சூடாகும் என்பதையும் மறக்கக் கூடாது. சன்ஷேடின் நிழல் பாதியும் வெயில் பாதியுமாக விழும்போது, சூடான பகுதிக்கும் குளிர்ந்த விளிம்புக்கும் இடையே இழுவிசை உண்டாகி, சாதாரணக் கண்ணாடி விளிம்பிலிருந்து விரிசல் விடக்கூடும். ஆகவே நிறக் கண்ணாடியைப் பதப்படுத்திய டஃபன்ட் வகையாகவே வாங்குவது பாதுகாப்பு.

வெளியிலிருந்து உள்ளே தெரியாத பிரதிபலிப்புக் கண்ணாடி நல்லதா?

வெப்பத்தைத் தடுப்பதில் நல்ல பயன் உண்டு. மறைப்புக்காக மட்டும் வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்துக்கே அது முகம்பார்க்கும் கண்ணாடிபோல இருக்கும். இரவில் உள்ளே விளக்கெரியும்போது வெளியிலிருந்து எல்லாம் தெரியும். திரைச்சீலை அப்போதும் தேவை. எதிர்வீட்டாரின் அறைக்குள் நம் கண்ணாடியின் கூச்சம் போய் விழுமா என்பதையும் யோசித்தபின் வாங்குங்கள். அடுக்குமாடியில் வெளித்தோற்றத்தை மாற்றச் சங்கத்தின் ஒப்புதல் தேவைப்படலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். இருக்கும் கண்ணாடியின்மேல் வெயில் தடுப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

ஒட்டலாம், வீட்டு உரிமையாளரின் அனுமதியோடு. வெளிப்பக்கம் ஒட்டும் வகை வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் மழையிலும் உப்புக்காற்றிலும் விரைவில் உரியும். உட்பக்கம் ஒட்டும் வகை நீடிக்கும். கரிய, வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிமைப் பதப்படுத்தாத கண்ணாடியில் ஒட்டினால் மேலே சொன்ன விரிசல் ஆபத்து உண்டு; இரட்டைக் கண்ணாடியில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஃபிலிமைவிட மலிவானதும் கழற்றிக்கொண்டு போகக்கூடியதுமான வழி, பால்கனியில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுவது. அறைக்குள் தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கிறது என்பதால் அதன் பயன் பாதிகூட இருக்காது.

டஃபன்ட், லேமினேட்டட் இரண்டில் எது பாதுகாப்பானது?

இரண்டும் வெவ்வேறு விதமாகக் காப்பாற்றுகின்றன. டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உடனே காற்றடித்துக் குளிரவைக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு இறுகி, சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு ஐந்து மடங்கு வலிமை பெறுகிறது. உடைந்தால் கத்திபோன்ற துண்டுகளாகாமல் சிறு சிறு பருக்கைகளாக உதிரும். ஆனால் உதிர்ந்தபின் அங்கே திறந்த வெளிதான் இருக்கும். ஐந்தாம் மாடியில் அதன்மேல் சாய்ந்திருந்தவருக்கு எந்தத் தடுப்பும் இராது. லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு, சட்டத்திலேயே நிற்கும். திருடனுக்கும் அதை உடைத்து நுழைய நேரம் பிடிக்கும். புறஊதாக் கதிர்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் அந்தப் படலமே தடுத்துவிடுவதால் சோபாவும் புத்தகங்களும் விரைவில் வெளுக்காது.

ஆகவே கதவுகள், கதவை ஒட்டிய பக்கக் கண்ணாடிகள், குளியலறைத் தடுப்பு ஆகியவற்றுக்கு டஃபன்ட். பால்கனிக் கைப்பிடிச் சுவர், தலைக்குமேல் வரும் கண்ணாடிக் கூரை, மாடிப்படி ஓரம், தரையளவு ஜன்னல், கம்பி இல்லாத தரைத்தள ஜன்னல் ஆகியவற்றுக்கு லேமினேட்டட். பால்கனிக்கும் கூரைக்கும் டஃபன்ட் கண்ணாடிகளையே லேமினேட் செய்து வாங்குவது சரியானது. இதில் பணம் மிச்சம்பிடிக்க நினைக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். குழந்தைகள் ஓடும் வீட்டில் முழு உயரக் கதவுக்குச் சாதாரணக் கண்ணாடி போடுவது எந்த விலையிலும் ஏற்கத்தக்கதல்ல. பெரிய கண்ணாடிக் கதவில் கண் மட்டத்திலும், குழந்தையின் கண் மட்டத்திலும் ஒரு பட்டை ஒட்டிவிட்டால் மோதிக்கொள்ளும் விபத்துகள் தவிரும்.

வாங்கிய கண்ணாடி உண்மையிலேயே டஃபன்ட்தானா என்று எப்படித் தெரியும்?

மூலையில் அழியாத முத்திரை இருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553. போலராய்டு கூலிங் கிளாஸ் அணிந்து, சாய்வான கோணத்தில் வானத்தின் பிரதிபலிப்பைப் பார்த்தால், டஃபன்ட் கண்ணாடியில் வரிசையான கரும்புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். சாதாரணக் கண்ணாடியில் அவை தெரியாது. டஃபன்ட் ஆனபின் வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், பூட்டுக்கும் கைப்பிடிக்கும் வேண்டிய துளைகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சட்டம் பொருத்தியபின் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அகலத்தையும், அதேபோல மூன்று இடங்களில் உயரத்தையும் அளந்து, மிகக் குறைந்த அளவையே ஆர்டருக்குக் கொடுங்கள்.

டஃபன்ட் கண்ணாடி தானாகவே வெடிக்கும் என்கிறார்களே?

அரிதாக நடக்கும். கண்ணாடி உருகும்போது உள்ளே சிக்கிய மிகச்சிறிய நிக்கல் சல்பைடு துகள், நாளடைவில் பருமனாகி, இறுகிய கண்ணாடியை உள்ளிருந்து உடைத்துவிடும். தொழிற்சாலையிலேயே மீண்டும் சூடேற்றிச் சில மணி நேரம் வைத்துப் பார்க்கும் ‘ஹீட் சோக்’ சோதனையில், இப்படிப்பட்ட கண்ணாடிகளில் பெரும்பாலானவை அங்கேயே உடைந்துவிடும். உயர்ந்த மாடிக்கும் பெரிய கண்ணாடிக்கும் இந்தச் சோதனை செய்ததைக் கேட்டு வாங்குங்கள். தானாக உடைவதற்கு இன்னொரு காரணம், பொருத்தும்போது விளிம்பில் பட்ட அடி. அது அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது.

எத்தனை மி.மீ. கனம் வேண்டும்?

சிறிய ஜன்னலுக்கு 5 மி.மீ., பெரிய பலகத்துக்கு 6 மி.மீ., சட்டமில்லாத கதவுக்கு 12 மி.மீ. என்பது வழக்கம். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் கூடும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நூல் சென்னைக்கு வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்தபோது என்ன நடந்தது என்பதைக் கண்டவர்கள் இந்த எண்ணை மிகையென்று நினைக்கமாட்டார்கள். பத்து மாடிக்கு மேல் உள்ள வீட்டில் பெரிய கண்ணாடி வைப்பதானால், கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்கு வாங்குங்கள். கடைக்காரரின் வழக்கம் அங்கே போதாது. எடையையும் பாருங்கள்: ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. இரண்டு சதுர மீட்டர் ஸ்லைடிங் கதவில் 6 மி.மீ. இரட்டைக் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே 60 கிலோ ஆகும். அந்த எடையைத் தாங்கும் சக்கரமா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ரயில், விமான, சாலை இரைச்சலுக்கு எது ஏற்றது?

முதலில் இடுக்கை அடையுங்கள். ஸ்லைடிங் ஜன்னலில் தூரிகைபோன்ற பட்டைதான் அடைப்பு. அதன் வழியே காற்று போகுமானால் ஓசையும் போகும். எவ்வளவு கனமான கண்ணாடி போட்டாலும் அந்த இடுக்கு பயனைக் கெடுத்துவிடும். ரப்பர் கேஸ்கட்டின்மேல் இறுக அமரும், கதவுபோலத் திறந்து மூடும் கேஸ்மென்ட் வகைதான் இரைச்சலுக்கு ஏற்றது. அதன்பின் லேமினேட்டட் கண்ணாடி. நடுவிலுள்ள படலம் அதிர்வை உறிஞ்சுகிறது. இரட்டைக் கண்ணாடி போடுவதானால் இரண்டும் ஒரே கனத்தில் இருக்கக் கூடாது. ஒன்று 6 மி.மீ., மற்றது 8 மி.மீ. அல்லது லேமினேட்டட் என்றிருந்தால், ஒரே சுருதியில் இரண்டும் சேர்ந்து அதிர்வது தவிரும்.

கோடம்பாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டியும், பொழிச்சலூர், பம்மல் பக்கம் விமானப் பாதையின் கீழும் வசிப்போருக்கு ஒரு நல்ல வழி உண்டு. இருக்கும் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, சுவரின் உட்பக்க விளிம்பில் இரண்டாவதாக ஒரு ஜன்னல் பொருத்துவதே அது. இரண்டுக்கும் நடுவே பத்து செ.மீ. இடைவெளி கிடைத்தால், பேருந்து, லாரி ஆகியவற்றின் தாழ்ந்த உறுமலையும் அது குறைக்கும், 12 மி.மீ. இடைவெளியுள்ள வழக்கமான இரட்டைக் கண்ணாடியால் அது இயலாது.

ஏசி போட்டால் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கிறது. கண்ணாடி கெட்டுவிட்டதா?

இல்லை. சென்னையின் ஈரக்காற்று 25, 26 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீர்த்துளி படியும் நாட்கள் பல. ஏசியின் குளிர்காற்று நேராகக் கண்ணாடியில் பட்டால் வெளிப்பரப்பு அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். காற்று வீசும் திசையை மாற்றுங்கள், வெப்பநிலையை 24-க்கு மேல் வையுங்கள். இரட்டைக் கண்ணாடியின் நடுவே, துடைக்க முடியாத இடத்தில் மூட்டம் தெரிந்தால் மட்டும் அது கோளாறு: ஓர அடைப்பு விட்டுப்போய் ஈரம் புகுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது, அந்தத் தொகுதியையே மாற்ற வேண்டும். அதனால் ஓர அடைப்புக்கான உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். போன்ற கடலோரப் பகுதிகளில் எதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

கண்ணாடியை உப்பு தின்னாது. திருகாணியையும் கீலையும் சக்கரத்தையும் தின்னும். 304 தர எவர்சில்வரும் கடலோரத்தில் துருப்புள்ளி விடும். 316 தரம் கேளுங்கள். யு.பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் துருப்பிடிக்காது, ஆனால் அதனுள் இருக்கும் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு நல்ல பவுடர் கோட்டிங் வேண்டும், வெட்டிய முனைகளை அடைத்திருக்க வேண்டும்.

ஸ்லைடிங் ஜன்னலா, திறந்து மூடும் ஜன்னலா? கொசுவலையை என்ன செய்வது?

காற்று வேண்டும் என்றால் திறந்து மூடும் வகை. 2018-இல் வெளியான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட எரிசக்தி நெறி, சென்னை அடங்கிய வெப்ப ஈரக் காலநிலைப் பகுதிக்கு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு வேண்டும் என்கிறது. வேறெந்தக் காலநிலைக்கும் இவ்வளவு கேட்கவில்லை. 120 சதுர அடி அறைக்கு அது 20 சதுர அடி. நாலடிக்கு ஐந்தடி ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால் கிடைப்பது 10 சதுர அடியே. கடற்காற்று வரும் கிழக்கு, தென்கிழக்கு ஜன்னலில் அந்தப் பாதியை இழப்பது வருத்தத்துக்குரியது. மாலையில் ஏசியை நிறுத்திவைக்கக்கூடிய மணி நேரங்கள் அதனோடு போகின்றன.

கொசுவலையை ஆரம்பத்திலேயே வடிவமைப்பில் சேருங்கள். ஸ்லைடிங்கில் மூன்றாவது ட்ராக்கில் வலைப்பலகம் ஓடும். வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்டில் உட்பக்கம் சுருள் வலையோ மடிப்பு வலையோ வைக்க வேண்டும். கம்பி எங்கே வரும் என்பதையும் அப்போதே முடிவு செய்யாவிட்டால் கைப்பிடியைத் திருப்பவே இடமிராது.

மயிலாப்பூரில் பழைய தேக்கு ஜன்னல்கள் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு யு.பி.வி.சி. போடுவது நல்லதா?

மரம் உறுதியாக இருந்தால் கழற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே திறக்கும் அந்த ஜன்னல்கள், கீழே மறைப்பு, மேலே காற்று என்ற தேவையை அழகாக நிறைவேற்றுகின்றன. பழைய 3 மி.மீ. கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே பள்ளத்தில் மெல்லிய லேமினேட்டட் கண்ணாடியை வைத்து, புதிய மரப் பீடிங் அடிக்கலாம்; பள்ளத்தின் ஆழத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். இரட்டைக் கண்ணாடியின் 20 மி.மீ.க்கு மேற்பட்ட கனத்தையும் எடையையும் அந்தச் சட்டமும் கீலும் தாங்கா.

குளியலறைக்கும் சமையலறைக்கும்?

குளியலறைக்கு ஆசிட் எட்ச் செய்த மங்கல் கண்ணாடி போதும். சொரசொரப்பான பக்கம் உள்ளே வந்தால் சோப்புக்கறை பிடிக்கும், வழவழப்பான பக்கத்தை உள்ளே வையுங்கள். சமையலறையில் அடுப்புக்கு நேர் பின்னே ஜன்னல் இருந்தால் டஃபன்ட்.

பொருத்தும் நாளில் எதைக் கூடவே நின்று பார்க்க வேண்டும்?

கண்ணாடியின் கீழ்விளிம்பு சட்டத்தின்மேல் நேரடியாக உட்காரக் கூடாது. இரண்டு ரப்பர் கட்டைகளின்மேல் நிற்க வேண்டும். சட்டத்தின் அடியில் நீர் வடியும் துளைகள் வெளிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். சிமென்டோ சிலிக்கானோ அவற்றை அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கி அறைக்குள் வழியும். அதோடு, லேமினேட்டட் கண்ணாடியின் விளிம்பு நீரில் ஊறி, படலம் வெண்மையாகிப் பிரியத் தொடங்கும். லேமினேட்டட், இரட்டைக் கண்ணாடி இரண்டுக்கும் புளித்த காடி வாசனை அடிக்கும் அசெட்டிக் சிலிக்கானைப் பயன்படுத்த விடாதீர்கள். அது படலத்தையும் ஓர அடைப்பையும் கெடுக்கும். நியூட்ரல் என்று குறித்த சிலிக்கான்தான் வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு வாளி நீரை ஜன்னலின்மேல் சாய்வாக ஊற்றிப் பார்த்து, நீர் வெளியே வடிகிறது என்று உறுதிசெய்தபின் மீதித் தொகையைக் கொடுங்கள்.

கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறையை எப்படிப் போக்குவது?

அது ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு. புதிதாக இருக்கும்போது நீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்து ஒற்றி, சில நிமிடம் கழித்து நல்ல நீரால் கழுவினால் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணாடியின் பரப்பையே அரித்துவிடும், பிறகு மெருகேற்றுவோரைத்தான் அழைக்க வேண்டும். பூச்சு உள்ள பரப்பில் வினிகரையோ, தேய்க்கும் தூளையோ, பிளேடையோ தொடவிடாமல், தயாரிப்பாளர் சொன்னதை மட்டும் பயன்படுத்துங்கள். தோட்டத்துக்கோ காருக்கோ ஆழ்துளை நீரைப் பீய்ச்சும் குழாய் ஜன்னலை நோக்கி இருந்தால் அதைத் திருப்பிவிடுங்கள். கடலோர வீடுகளில் மாதம் இருமுறையாவது நல்ல நீரால் கண்ணாடியோடு சட்டத்தையும் கீல்களையும் சேர்த்துக் கழுவுங்கள்.